இமை வைத்த ஜீப்

அந்த ஊருக்கு நான் வேலைக்குப் போனபோது புரட்டாசி பிறந்திருந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே, ஆறு தன் பெயரை விட்டுவிட்டு வாய்க்கால்களாகப் பிரிந்து கடலைத் தேடிப் போகும் இடம். நடவு நடந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், வானத்துக்குள் வரிசை வரிசையாகப் பச்சை முடிச்சுகள். பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்குச் சாலை மட்டும்தான் தரையில் இருக்கிறது, மற்றதெல்லாம் மிதக்கிறது என்று தோன்றியது.

நான் கும்பகோணத்துப் பெண். நர்சுப் படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. ஊர் ஓரத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான், ஒரு ஜீப், அதை ஓட்டுகிறவர். கர்ப்பிணிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் என் பொறுப்பு. பகலில் போனால் தெருக்களில் பெண்களைக் காண முடியாது. எல்லாரும் வயலில் இருப்பார்கள். பொழுது சாய்ந்து கரையேறி, கால் கழுவி, அடுப்பு மூட்டும்போதுதான் வீட்டில் இருப்பார்கள். அதனால் என் வேலையில் பாதி, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் தொடங்கும்.

ஜீப் ஓட்டியவர் அதிராம்பட்டினத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டோம். சாயங்காலம் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் வழியில் ஏதாவது ஒரு வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்துவார். தண்ணீரில் இறங்கி கை, கால், முகம் கழுவிக்கொண்டு, துண்டை விரித்துத் தொழுவார். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். கொக்குகள் கூட்டமாகப் போகும். தண்ணீரில் இருந்த சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவதற்கும், விளக்கைப் போடாமல் இனி வண்டியை எடுக்க முடியாது என்று ஆவதற்கும் சரியாக இருக்கும்.

அந்த விளக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜீப் யுத்த காலத்தது. அதோடு பிறந்த விளக்குகள் என்றோ உடைந்து, யாரோ ஒரு லாரியின் விளக்குகளைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்கள். சின்ன முகத்தில் இரண்டு பெரிய கண்கள். வெளிச்சத்தைத் தணிக்கக் காலடியில் ஒரு டிம் சுவிட்ச் உண்டு. சேற்றுக் கால் பட்டுப் பட்டு அது துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. போட்டால் முழு வெளிச்சம், இல்லாவிட்டால் இருட்டு. பாய் விளக்கைப் போட்டதும் சாலை, மரம், மரத்தின் உச்சி, அதற்கு மேலே பறக்கும் வௌவால் வரை எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

முதல் வாரம் நாங்கள் போன தெரு, ஊரிலிருந்து தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பண்ணைகளில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்கிற குடும்பங்களின் தெரு. மூங்கில் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்து போனேன்.

தெருவில் ஒரு ஆள் இல்லை.

அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு வாசலில் முறத்தில் பாதி புடைத்த நொய் கிடந்தது. ஒரு தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே குழந்தை இல்லை. ஒரு வீட்டு வாசல் அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கி, கஞ்சி வழிந்து நெருப்பில் விழுந்து சுர்ரென்றது. நான் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். தவளைச் சத்தம்தான் பதிலாக வந்தது. கனவில் சில சமயம் தெரிந்த ஊருக்குப் போவோம், எல்லாம் இருக்கும், மனுஷர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அப்படி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், கிடந்த துணியை எடுத்து அந்தச் சோற்றுப் பானையை இறக்கி வைத்தேன். விறகை வெளியே இழுத்துவிட்டு, தட்டால் பானையை மூடிவிட்டு, திரும்பி வந்தேன்.

"யாருமே இல்ல பாய்" என்றேன்.

"இருக்காங்க நர்சம்மா. வயல்ல படுத்திருப்பாங்க" என்றார் அவர். "நம்ம வண்டி வெளிச்சத்தப் பாத்து ஓடியிருப்பாங்க."

அப்போது கோட்டையில் ஆட்சி மாறிய புதிது. ஊர் டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெறும் சிவப்பு. புதிய ஆட்சியில் கூலி உயரும் என்று அவர்கள் நம்பினார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி நடவு நட்டார்கள். தடுக்கப் போனவர்கள் அடி வாங்கினார்கள். அடித்தவர்களும் வண்டியில்தான் வந்தார்கள், பிறகு விசாரிக்க வந்த போலீசும் வண்டியில்தான் வந்தது. எல்லா வண்டிக்கும் முன்னால் வெளிச்சம் வந்தது. இதையெல்லாம் பாய் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்தத் தெருவின் அடுப்புகள் தூரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன.

சில நாள் கழித்து, பகலில் வரப்பு மேலே நடந்துபோய் அந்தத் தெருப் பெண்களை வயலிலேயே பிடித்தேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். இருபது வயதுக்குள்தான் இருக்கும். முதல் பிள்ளை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, ஒரு கை நாற்றை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அன்னிக்கு எங்க வீட்டுச் சோத்த எறக்கி வச்சது நீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. கொதிச்சு வழிஞ்சிச்சு."

அவள் மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல? அடிக்க வந்தவன் எவனாவது சோத்த எறக்கி வைப்பானா?" பிறகு என்னிடம், "வெளிச்சம் வந்தா ஓடிருவோம் நர்சம்மா. வெளிச்சத்துக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நீயும் ஓடுனியா? இந்த வயித்தோடயா?"

"ஓடுனேன். வரப்புல வழுக்கி விழுந்தேன். சேறுதானே, ஒண்ணும் ஆவல." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை பாயிடம் விளக்கு இல்லாமல் போக முடியுமா என்று கேட்டேன்.

"போலாம். அப்புறம் வாய்க்கால்லேருந்து நம்ம ரெண்டு பேரையும் அவங்கதான் வந்து தூக்கணும்."

"வெளிச்சத்தக் கொஞ்சம் கொறைக்கவாவது முடியாதா?"

அவர் இறங்கி ஜீப்பின் முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "பாப்போம்" என்றார்.

முதலில் மஞ்சளில் நனைத்த துணியைக் கட்டினோம். அது என் யோசனை. வெளிச்சம் அழகாகத்தான் வந்தது. சாலை முழுவதும் அந்தி வெயில் விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு மைல் போவதற்குள் துணி கருகி, ஜீப் முழுக்கத் தீய்ந்த மஞ்சள் வாசனை வந்தது. இறங்கித் தண்ணீர் ஊற்றினோம். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டுக் கண்ணாடி விரிசல் விட்டது. அடுத்தது பாயின் யோசனை. கண்ணாடியில் விளக்கெண்ணெய் தடவினார். ஊரிலுள்ள பூச்சியெல்லாம் வந்து அதில் ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் குறைந்தது என்னவோ உண்மை. மறுநாள் டாக்டர் வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன வியாதி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நாங்கள் சொன்னதும் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவரும் சின்ன வயதுக்காரர்தான். "கவர்மெண்ட் வண்டி. ஏதாவது பண்ணுங்க, ஆனா திரும்ப எடுக்குற மாதிரிப் பண்ணுங்க" என்றார்.

டாக்டரின் அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பாய்க்கு யுத்த காலம் நினைவுக்கு வந்தது. அப்போது அவர் கடலோரச் சாலையில் ஓடிய ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தாராம். கடலிலிருந்து எதிரிக் கப்பல் பார்த்துவிடும் என்று, எல்லா வண்டிகளின் விளக்குக்கும் முக்கால்வாசி கறுப்பு அடித்து, மேலே தகரத்தால் கூரை மாதிரி ஒன்று வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"ஆனா அது எப்படி வெட்டுனாங்க, எவ்வளவு சாய்ச்சாங்க, ஒண்ணும் ஞாபகம் இல்ல. எனக்கு அப்ப பஸ் கழுவுற வேலை" என்றார்.

அதனால் நாங்களே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டோம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பால்மாவு வந்த காலி டின்களை அவர் வெட்டினார். கட்டைவிரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டார். நான் கட்டுப் போட்டேன். கறுப்புக்கு மன்னார்குடி சைக்கிள் கடையிலிருந்து ஒரு சின்ன டப்பா பெயிண்டும், லாரிப் பட்டறையிலிருந்து மாற்றுக் கண்ணாடிகள் இரண்டும் வாங்கி வந்தார். இடுக்கியில் பஞ்சைச் சுற்றி பெயிண்டைத் தொட்டு, அந்தக் கண்ணாடிகளின் மேல்பாதியில் நான் பூசினேன். தகரத்தை வளைத்து இரண்டு இமைகளாக மேலே பொருத்தினோம். எவ்வளவு சாய்ப்பது என்று தெரியவில்லை. "நீங்க எதுக்க போயி நின்னு பாருங்க" என்றார்.

சுகாதார நிலையத்துக்கு முன்னால் சாலை நேராக இருக்கும். இருட்டுகிற நேரம். நான் நடந்துபோய்ப் புளியமரத்தைத் தாண்டித் திரும்பி நின்றேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் முதலில் இமைகளைக் கழற்றிவிட்டு, பூசாத பழைய கண்ணாடிகளை மாட்டி, முழு வெளிச்சத்தைப் போட்டார்.

அதுவரை நான் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றுதான் முன்னால் நின்றேன். முதலில் சாலை போயிற்று, பிறகு ஜீப் போயிற்று, பிறகு ஊரே இல்லை. இரண்டு வெள்ளை வட்டங்கள் மட்டும். நான் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தேன். என் கையே எனக்கு அந்நியமாக, சுண்ணாம்பு பூசினது போலத் தெரிந்தது. அந்தப் பக்கம் இருப்பவர் பாய்தான் என்று எனக்குத் தெரியும். கருவாட்டுக் குழம்புக்கு உயிரை விடுகிற, ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்துகிற பாய். இருந்தும், என்னை முழுசாக யாரோ பார்க்கிறார்கள், எனக்கு அவர்களில் ஒரு நகத்தைக்கூடப் பார்க்க வழியில்லை. கால் தானாகச் சாலை ஓரத்துக்குப் போனது. அடுத்த அடி வயலுக்குள் இறங்கியிருக்கும்.

"போதும் பாய்!" என்று கத்தினேன்.

அவர் அமர்த்தினார். கறுப்புப் பூசிய கண்ணாடிகளையும் இமைகளையும் மாட்டிவிட்டு மறுபடியும் போட்டார்.

இந்த முறை வெளிச்சம் என்மேல் வரவில்லை. ஒரு குடம் பாலைச் சாய்த்துவிட்ட மாதிரி சாலையில் வழிந்து, என் கால்வரை வந்து நின்றது. எனக்கு ஜீப் தெரிந்தது. ஜீப்புக்குள் பாயின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அவர் கையாட்டினார். அது தெரிந்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்தது. அங்கேயே நின்று, இன்னும் கொஞ்சம் இறக்குங்க, வலது பக்கம் தூக்கியிருக்கு, ஆங் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வயலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "கண்ணப் பாதி மூடிட்டு, தரையப் பாத்துக்கிட்டு ஒரு வண்டி வந்தா அது நாங்க."

"தூங்கி வழியிற வண்டியா?" என்றாள். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லாத் தெருக்களிலும் நாங்கள் தூங்கு வண்டி.

அடுத்த முறை போனபோது யாரும் ஓடவில்லை. பாதிப் பேர் வயல் பக்கம் ஒரு காலை வைத்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார்கள். ஆனால் நின்றார்கள். பாய் வண்டியைப் பாலத்துக்கு நேராக நிறுத்தி, விளக்கை எரிய விட்டார். பெண்கள் ஒவ்வொருவராகப் பாலத்தைக் கடந்து வந்தார்கள். வெளிச்சம் தரையோடு இருந்ததால் எனக்கு முதலில் கால்கள்தான் தெரிந்தன. சேறு காய்ந்த கால்கள், வெள்ளி மெட்டி போட்ட கால்கள், சேற்றுப்புண் வந்த கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஒளிக்குள் வந்து நிற்கும். முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே காலைப் பார்த்து இன்னாரென்று சொல்லப் பழகிவிட்டேன். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அந்த ஒளியில் ஆவி எழும். ஈரத்தரையில், தவளைகள் குறுக்கே தாண்ட, நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். பாய் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி இருப்பார்.

அப்படித்தான் மார்கழி தொடக்கத்தில் அவள் கால் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. கன்னமும் உப்பியிருந்தது.

"தலைவலி இருக்கா?"

"இருக்கு. அப்பப்ப கண்ணு முன்னாடி மின்மினி பறக்குற மாதிரி இருக்கு."

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்து, படுத்தே இருக்கச் சொன்னார். வலிப்பு வரக்கூடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். படிக்கும்போது எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்படிப்பட்டவர்களை இருட்டறையில், சத்தமில்லாமல் வைத்திருக்க வேண்டும், திடீரென்று ஒரு வெளிச்சம் கண்ணில் பட்டால்கூட வலிப்பு வந்துவிடும் என்று. அவள் குடிசையில் ஜன்னலே கிடையாது. அது ஒன்றுதான் வசதி.

அறுப்பு நெருங்க நெருங்க ஊர் இறுகியது. யார் அறுப்பது, என்ன கூலிக்கு அறுப்பது என்பதில் பேச்சு முறிந்துபோயிருந்தது. கதிர் முற்றிய வயல்களின் மேல் பனி கவிந்து கிடக்கும். பாய் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டுவார். பனியில் எங்கள் இமை வைத்த விளக்கு இன்னும் நன்றாக வேலை செய்தது. மற்ற வண்டிகளின் வெளிச்சம் பனியில் மோதி வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். எங்களுடையது பனிக்கு அடியில் புகுந்து போகும். பஞ்சு மூட்டைக்குக் கீழே ஊர்ந்து போகிற மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு மாலையில், அவளுடைய புருஷன் வரப்பு வழியாக ஓடிவந்தான். மெலிந்த, அதிகம் பேசாத பிள்ளை. மூச்சு வாங்க, "கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு நர்சம்மா, இப்பக் கெடக்கா, கூப்பிட்டா தெரியல" என்றான். டாக்டர் வேறொரு பிரசவத்தில் இருந்தார். ஊசியையும் மருந்தையும் என் கையில் கொடுத்து, "இங்க கொண்டு வராதீங்க. நேரா மன்னார்குடிக்குப் போயிடுங்க" என்றார்.

பாலம் தாண்டிப் போய் ஊசி போட்டு, அவளைப் படுத்திருந்த கோரைப்பாயோடு தூக்கி வந்து ஜீப்பில் கிடத்தினோம். தலை என் மடியில். கண்மேல் என் புடவைத் தலைப்பை மடித்துப் போட்டேன். புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டான். இன்னும் முழுக்க இருட்டவில்லை. பனி மட்டும் இறங்கிவிட்டது. ஆற்றங்கரை மேல் போகும் குறுகிய சாலை அது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆழத்தில் வயல். இரண்டு வண்டி ஒதுங்க வேண்டுமானால் மதகுகள் இருக்கும் இடத்தில்தான் முடியும். பாய் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார்.

பாதி வழியில் எதிரே பனி முழுவதும் வெள்ளையாகப் பற்றிக்கொண்டது.

"முன்னாடி கார் வருது. பண்ணைக் கார்" என்றார் பாய். பிரேக்கை அழுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணும் தெரியல நர்சம்மா. சுத்தமா ஒண்ணும் தெரியல."

காரும் நின்றது. விளக்கு அணையவில்லை. வெளிச்சம் ஜீப்புக்குள் நிறைந்தது. மடியில் கிடந்தவளின் உடம்பு விறைத்தது. நினைவில்லாத நிலையிலும் அவள் எழுந்து ஓடப் பார்த்தாள். புருஷன் ஒரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டு, தானும் பலகைக்குக் கீழே குனிந்துகொண்டான். அவன் தெருவுக்கும் அந்தக் காருக்கும்தான் அப்போது சண்டை.

அவளைப் பாயிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் இறங்கினேன். வெளிச்சத்துக்குள் நடந்தேன். அன்று புளியமரத்தடியில் நின்றபோது ஓரத்துக்குப் போன கால், இன்று போகவில்லை. மடியில் இருந்த சூடு இன்னும் என் புடவையில் இருந்தது. அதனால்தான் இருக்கும். கையை நீட்டிக்கொண்டே போய், காரின் முன்பக்கத் தகரம் கையில் படவும் நின்றேன்.

"யாரும்மா அது?" வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஆஸ்பத்திரி நர்சுங்க. வெளக்க அமத்தச் சொல்லுங்க."

"வெளக்கு இல்லாம ஒரு வண்டி வருது. யாரோ மறிக்கிறானுவன்னு நெனச்சேன்."

"வெளக்கு இருக்குங்க. கீழ பாத்து வச்சிருக்கோம். உள்ள ஒரு புள்ளத்தாச்சி கெடக்கா. வலிப்பு வந்திருக்கு. இந்த வெளிச்சம் பட்டா மறுபடி வந்துரும். வந்தா பொழைக்க மாட்டா."

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

ஆறு கரையில் உரசிக்கொண்டு போகும் ஓசை மட்டும் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தேன். கதவின் மேல் ஒரு கை இருந்தது, மோதிரம் போட்ட கை. அது கதவைத் திறக்க முடியாதபடி உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருந்தது. மடியில் ஒரு கம்பு. அவரும் பயந்துதான் வந்துகொண்டிருந்தார். பயத்தில்தான் அத்தனை வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"அமத்து" என்றார் டிரைவரிடம்.

உலகம் திரும்பி வந்தது. மங்கலாக, சாம்பலாக, ஆறும் மரமும் வயலுமாக. எங்கள் ஜீப்பின் பாதி வெளிச்சம் சாலையில் பாலாகக் கிடந்தது.

யாராவது ஒருவர் மதகு வரைக்கும் பின்னால் போக வேண்டும். எங்களுக்குப் பின்னால் மதகு வெகுதூரம். கார் டிரைவர், "இந்தப் பனியில பின்னால எடுக்க முடியாதுங்க, ஆத்துல எறங்கிரும்" என்றான்.

அப்போது ஜீப்பிலிருந்து அவள் புருஷன் இறங்கினான். நேராக நடந்து, காரின் பக்கவாட்டில் யாரையும் பார்க்காமல் கடந்து, அதன் பின்னால் போனான். காரின் முதுகில் ஒரு கையை வைத்தான்.

"எடுங்க" என்றான். "நான் சொல்றேன். மொள்ள. எடது பக்கம் ஒடிங்க. போதும். நேரா வாங்க."

கார் பின்னால் நகர்ந்தது. பனிக்குள் அவன் உருவம் தெரியவில்லை. குரல் மட்டும் தூரமாகிக்கொண்டே போயிற்று. வாங்க, வாங்க, எடது, நிறுத்துங்க, இன்னும் கொஞ்சம் வாங்க. தூக்கத்தில் யாரோ மாட்டைப் பழக்குகிற குரல் போல இருந்தது. பாய் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே ஜீப்பை ஓட்டினார். மதகு வந்ததும் கார் ஒதுங்கியது. நாங்கள் கடக்கும்போது நான் உள்ளே பார்த்தேன். மிராசுதார் எங்களைப் பார்க்கவில்லை, வெளியே நின்ற அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஓடிவந்து ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஓர் அறையின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் கம்பளி கட்டி அவளை வைத்தார்கள். குழந்தை அந்த அறையிலேயே பிறந்தது. பெண். சின்னதாக, ஆனால் சத்தமாக அழுதது. அவளுக்கு நினைவு திரும்ப இரண்டு மூன்று நாளாயிற்று. கண்ணைத் திறந்து, முதலில், "ஏன் இருட்டா இருக்கு?" என்று கேட்டாள். கம்பளியை ஓரமாகக் கொஞ்சம் விலக்கினேன். வெயில் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே வந்து குழந்தையின் வயிற்றில் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுவாரமே பண்ணைக் கார் பழையபடி முழு வெளிச்சத்தோடு ஓடியது. அறுப்புத் தகராறும் அதனால் தீரவில்லை. அந்த வருஷம் இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. தஞ்சாவூரிலிருந்து அதிகாரிகள் வந்து உட்கார்ந்து பேசித்தான் கூலி கொஞ்சம் ஏறியது. சில வருஷம் கழித்து, அந்தத் தெருக்காரர்கள் குடியிருந்த மனை அவர்களுக்கே என்று ஆனது. பிறகு அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும் வந்தது. அந்தக் குழந்தை படித்து இப்போது ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டராக இருக்கிறாள். அவள் அம்மா இன்னமும் எனக்கு அறுப்பு அறுத்ததும் புது அரிசி அனுப்புகிறாள்.

ஜீப்புக்கும் எங்களுக்கும் அந்த ஊர் மேலும் சில வருஷம்தான். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அதே சமயம் பாயின் மச்சான் அவருக்கு வளைகுடாவில் வேலை பார்த்துக் கொடுத்தார், அங்கே ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்ட. புறப்படுவதற்கு முன்னால் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அதிராம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. அவர் மனைவி தேங்காய்ப்பால் ஊற்றி மீன் ஆணம் வைத்திருந்தார். நான் போதும் போதும் என்று சொல்லச் சொல்லக் கரண்டியால் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அங்க ரோடு நெடுக லைட்டுக் கம்பமாம்" என்றார் அவர், புருஷனைப் பார்க்காமல் என்னிடம். "ராத்திரியும் பகல் மாதிரி இருக்குமாம். எங்க அண்ணன் சொன்னாங்க. காருக்கு லைட்டே வேணாமாம்."

"அப்புறம் இவுங்க எப்படித் தூங்குவாங்க?" என்றேன்.

பாய் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். காற்று வந்தது. அந்தியில் கட்டுமரங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு லாந்தர், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே. அலை ஏறும்போது தெரிந்தும், இறங்கும்போது மறைந்தும் அவை போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்ட கையோடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கை காய்ந்துபோயிற்று என்று அவர் மனைவிதான் முதலில் சொன்னார்.